கட்டிக்குப் பத்து போடுமுன்: மூலிகைச் சாறு எங்கே தவறிப்போகிறது?

கத்திரி வெயில் தொடங்கினால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வேனல்கட்டி. ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் நடந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண். இரண்டுக்கும் முதலில் கை போவது கொல்லையில் இருக்கும் வேப்பிலைக்கும் குப்பைமேனிக்கும்தான். அது ஆதாரமில்லாத நம்பிக்கையும் அல்ல. வேம்பு, மஞ்சள், பூண்டு, குப்பைமேனி எல்லாமே சீழ்க்கட்டிக்குக் காரணமான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை ஆய்வகத் தட்டில் தடுத்துக் காட்டியவை. தட்டில் நடந்தது தோலில் நடக்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலும் அவை நம் கைப்பிழைகள்.

முதல் பிழை, எது பாக்டீரியா என்று பார்க்காமல் பூசுவது. வட்டமாகப் பரவி ஓரம் மட்டும் தடித்து அரிக்கும் படர்தாமரை, பூஞ்சை. ஒரு பக்கமாக வரிசையாக எரிச்சலோடு கொப்பளிக்கும் அக்கி, வைரஸ். காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஆறிவிடும். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் நாலு பேருக்கும் இருந்தால் சிரங்குப் பூச்சி. சேற்றுப்புண்ணிலும் பெரும்பங்கு பூஞ்சைதான், பாக்டீரியா பின்னால் சேர்ந்துகொள்ளும். மயிர்க்காலில் சீழ் கோத்த கட்டியும், குழந்தையின் மூக்கோரம் தேன் உறைந்ததுபோல் பொருக்குத் தட்டும் புண்ணும்தான் பாக்டீரியாவின் நேரடி வேலை. சீமை அகத்தி இலை படர்தாமரைக்குப் பேர்போனது. அதையே அரைத்துக் கட்டியின்மேல் அப்பினால் இலைதான் வீண்.

அடுத்தது, எதில் கரைப்பது என்ற கேள்வி. மஞ்சளில் கிருமியைத் தடுக்கும் சத்தான குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும், வெளிச்சம் பட்டால் சிதையும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் தோலில் நிற்பது பெரும்பாலும் நிறம்தான். சித்த மருத்துவத்தில் புண்ணுக்குத் தருபவை பலவும் தைலமாகவோ வெண்ணெயாகவோ இருப்பது சும்மா இல்லை. பூண்டு இதற்கு நேர்மாறு. நசுக்கும்போதுதான் அதில் கிருமியை அடக்கும் அல்லிசின் உண்டாகிறது. முழுப் பல்லாக வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதி செத்துவிடும். சரி, பச்சையாக வைத்துக் கட்டலாமே என்றால், சில மணி நேரத்தில் தோல் வெந்து கொப்பளிக்கும். குழந்தைகளின் மெல்லிய தோலில் இன்னும் மோசம்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ‘15 மில்லிமீட்டர் தடைவட்டம்’ (சாரத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் நிற்கும் வட்டம்) என்ற வரியைப் படித்து ஏமாறுவோரும் அதிகம். அங்கே இலையை உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, வற்றவைத்து எடுத்த சாரத்தை மில்லிகிராம் கணக்கில் வைத்திருப்பார்கள். ஒப்பிடப் பக்கத்தில் வைக்கும் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வில்லையில் மருந்து 10 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. வட்டத்தின் அளவும் சாரம் அகாரில் (தட்டில் கிருமி வளர்க்கும் கூழ்) எவ்வளவு தூரம் ஊறுகிறது என்பதைப் பொறுத்தது. ஊறாத நல்ல சரக்கு சின்ன வட்டம்தான் காட்டும். பார்க்க வேண்டியது வட்டத்தை அல்ல, கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் தடுத்தால்தான் தாவரச் சாரத்தில் அது வலுவானது என்பது பொதுவான கணக்கு. அதுவும் தட்டில். கட்டிக்குள் சீழும் புரதமும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மேல்தோலைத் தாண்டி ஆழத்துக்குப் போக வழியும் இல்லை. அதனால்தான் சின்னக் கட்டிக்கு எந்தப் பத்தையும்விட வெந்நீர் ஒத்தடம் மேல்: சுத்தமான துணி, பொறுக்கிற சூடு, ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. தானாக உடையட்டும், பிதுக்க வேண்டாம். பெரிய கட்டியை டாக்டர் கீறித்தான் சீழ் எடுக்க வேண்டும்.

எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரலைப் பார்த்தாலே தெரியும். கொட்டையின் ஓட்டெண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம் ஆய்வகத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸை நன்றாகவே அடக்குகிறது. அதே எண்ணெய் தோலையும் வேகவைக்கிறது. சேங்கொட்டையும் அந்தக் குடும்பம்தான். எருக்கம்பால் பட்ட இடம் புண்ணாகும், கண்ணில் தெறித்தால் கருவிழி பாதிக்கும். பிச்சாவரத்துத் தில்லை மரத்தின் பாலும் அப்படியே. சிதம்பரத்துக்குத் தலமரம் என்பதால் அதன் பால் மருந்தாகிவிடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசுகிறார்களே, அதில் சுண்ணாம்பு கடுங்காரம். வீக்கத்தின் மேல்தோல் உரிந்தால் கிருமிக்கு இன்னொரு வாசல்.

கற்றாழையில்கூட மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் அரிக்கும். வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்தி வடியவிட்டு, கழுவி, தோல் சீவி, உள்சோற்றை மட்டும் எடுங்கள். எந்த மூலிகையானாலும் முதலில் முன்கையின் உட்பக்கத்தில் இரண்டு ரூபாய் நாணய அளவு தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஒவ்வாமை பலருக்கு மறுநாள்தான் கிளம்பும்.

வேப்பிலைக் கஷாயம் புண்ணைக் கழுவ நல்லது, அன்றன்றைக்கு வைத்தால். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கைப்பிடி இலை, பத்து நிமிடம் கொதி, மூடி ஆறவைத்து, கொதிக்கவைத்த துணியில் வடிகட்டிக் கழுவுங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் வைத்து மூன்று நாள் ஊற்றுவதுதான் தப்பு. இலைச்சத்துக் கரைந்த தண்ணீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் சுகமாக வளரும். மிளகாய் அரைத்த அம்மியில் அரைப்பது, கிணற்றடி மண் ஒட்டிய இலையைக் கழுவாமல் கசக்குவது, திறந்த புண்ணில் குப்பைமேனியோடு உப்புச் சேர்ப்பது எல்லாம் இதே ரகம்.

மேலே பூசுவதை உள்ளே கொடுக்கவும் கூடாது. வேப்பெண்ணெய் புகட்டிய கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்து, உயிரே போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஜி-6-பி-டி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர் குப்பைமேனியைச் சாப்பிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், கட்டி மூக்கு, கண் பக்கம் இருந்தால், சர்க்கரை நோய் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ளவர் மழைக்காலத்தில் வயலில் இறங்கியபின் ஆறாத சீழ்க்கட்டி வந்தால் மண்ணிலும் தேங்கிய நீரிலும் உள்ள பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் இருக்கலாம். புதுச்சேரி வட்டாரத்தில் கண்டறியப்பட்ட நோய்தான், மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும். குழந்தைக்குப் பொருக்குப்புண் ஆறி மூன்று வாரம் ஆனபின்னும் முகம் வீங்கினாலோ சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அது பொருக்குப்புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி விட்டுப்போகும் வினை.

போகுமுன் மஞ்சளையும் காவியையும் கழுவிவிடுங்கள். அந்த நிறத்துக்கடியில் சிவப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என்ன பூசினீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். எருக்கம்பால் சுட்ட புண்ணும் கிருமிப் புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.