துளி: தமிழ்ப் பெயர்கள் புரியும் கன்சோல் ஒன்றை நாமே கட்டுவோம்

பைத்தானைத் திறந்து 2 + 3 என்று தட்டினால் உடனே 5 என்று வருகிறதே, நிரலாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கோப்பு உண்டாக்க வேண்டாம், சேமிக்க வேண்டாம். ஒரு வரி கேட்டால் ஒரு வரி பதில். இன்று அப்படி ஒரு கன்சோலை பைத்தான் 3இல் எழுதுவோம். நம் குட்டி மொழிக்குப் பெயர் துளி. எண்கள், நான்கு கணக்குகள், அடைப்புக்குறி, பெயர் வைத்தல். இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

முடிந்ததும் இப்படி இருக்கும்:

துளி> விலை = 40
துளி> விலை * 3
120

படி 1: எலும்புக்கூடு

இந்த வகைக் கன்சோலை ரெப்ல் என்பார்கள். ரீட், இவால், பிரின்ட், லூப்: வாசி, மதிப்பிடு, காட்டு, மறுபடியும் வாசி. 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியின் வழியாக வந்த பழக்கம் இது.

சூழல் = காலி அகராதி
திரும்பத் திரும்ப:
    வரி = கேள்("துளி> ")
    விடை = மதிப்பிடு(வரி, சூழல்)
    விடை இருந்தால் காட்டு(விடை)

பைத்தானில் கேள் என்பது இன்புட், காட்டு என்பது பிரின்ட், சூழல் ஒரு டிக்‌ஷனரி, அதாவது பெயரையும் அதன் மதிப்பையும் சேர்த்து வைக்கும் அகராதி. சூழல் லூப்புக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் புது டிக்‌ஷனரி பிறக்கும். விலை 40 என்று சொன்னது அடுத்த வரியிலேயே மறந்துபோகும்.

மதிப்பிடுவதற்கு பைத்தானின் இவால் ஃபங்ஷனையே கூப்பிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். தட்டுகிறவர் கையில் முழு பைத்தானையும் கொடுத்ததாகிவிடும். கோப்பை அழிக்கச் சொன்னாலும் அழிக்கும்.

படி 2: வரியைத் துண்டாக்குதல்

வரியை எண், பெயர், குறி என்று பிரிக்க வேண்டும். பலரும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழி), சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு டபிள்யூவைப் போடுவார்கள். நானும் முதலில் அதைத்தான் போட்டேன். விலை என்று தட்டினால், 'வ' என்ற பெயரே இல்லை என்று பதில் வந்தது.

காரணம் இதுதான். திரையில் விலை இரண்டு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் நான்கு குறியீடுகள்: வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வ, ல இரண்டையும் எழுத்தாக ஏற்கும். இகர, ஐகாரக் குறிகளை ஏற்காது. புள்ளிக்கும் அதே கதிதான். ஆக, தமிழ்ச் சொல் நடுவிலேயே உடைந்துவிடும்.

இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு குறியீடாகப் படித்து, இதுவரை சேர்ந்த சொல்லோடு அடுத்ததையும் ஒட்டி, இது பெயராகுமா என்று இஸ்ஐடென்டிஃபயர் மெத்தடிடம் கேளுங்கள். சரி என்று சொல்லும்வரை சேர்த்துக்கொண்டே போங்கள். அது தமிழ்க் குறிகளைச் சரியாக ஏற்கும்.

இன்னொன்று. தொகை என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டிக்‌ஷனரிக்கு வேறு வேறு பெயர்கள். அதனால் வரி வந்தவுடன் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில், என்எஃப்சி வடிவம் (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்ப்பது) கேட்டு, ஒரு முறை சீராக்கிவிடுங்கள்.

படி 3: கணக்கு

மூன்று ஃபங்ஷன் போதும். கூட்டல், கழித்தலைப் பார்ப்பது பெருக்கல், வகுத்தலைப் பார்ப்பதைக் கூப்பிடும். அது எண், பெயர், அடைப்புக்குறி பார்ப்பதைக் கூப்பிடும். அடைப்புக்குறி திறந்தால் மறுபடி முதல் ஃபங்ஷனுக்கே போகும். ஆழத்தில் இருப்பது முதலில் முடிவதால் பெருக்கல் தானாகவே முந்திக்கொள்ளும். இரண்டாவது துண்டு சமக்குறி என்றால், வலப்பக்கத்தைக் கணக்கிட்டு சூழலில் போட்டுவிட்டு, விடை எதுவும் தராமல் திரும்புங்கள்.

படி 4: முடியாத வரி

துளி> (40 +
....> 2) * 3
126

முடியாத வரி வேறு, தவறான வரி வேறு. துண்டுகள் தீர்ந்த பிறகும் ஒன்றை எதிர்பார்த்தால் வரி முடியவில்லை. அடுத்த வரியைக் கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். துண்டுகள் மிச்சமிருக்கும்போதே பொருந்தாத ஒன்று வந்தால் அது தவறு, உடனே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி எக்ஸெப்ஷன் (பிழையை அறிவிக்கும் சமிக்ஞை) வைத்தால் வேலை சுலபம்.

படி 5: வெளியே தள்ளாதீர்கள்

கற்றுக்கொள்கிறவர் தப்பாகத்தான் தட்டுவார். ஒரு தப்புக்குக் கன்சோலே மூடிக்கொண்டால், அதற்குமுன் வைத்த பெயர்கள் எல்லாம் போய்விடும். எனவே வாசிப்பதையும் மதிப்பிடுவதையும் பிழையைப் பிடிக்கும் டிரை, எக்ஸெப்ட் பிளாக்குக்குள், அதையும் லூப்புக்கு உள்ளேயே வையுங்கள்.

துளி> விலை / 0
சுழியால் வகுக்க முடியாது
துளி> விலை
40

கண்ட்ரோல் சி அழுத்தினால் கீபோர்டுஇன்டரப்ட் வரும்: பாதி வரியை மட்டும் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் கண்ட்ரோல் டி, விண்டோஸில் கண்ட்ரோல் இஸட் போட்டு என்டர். அப்போது ஈஓஎஃப்எரர் வரும். லூப்பை விட்டு வெளியேற அதுதான் வழி.

லினக்ஸிலோ மேக்கிலோ இருந்தால், கோப்பின் தலையில் ரீட்லைன் மாட்யூலை இம்போர்ட் செய்யுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம். ஓடவிட்டு நாலைந்து வரி தட்டிய பிறகு மேல் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். முன்பு தட்டிய விலை * 3 திரும்ப வந்து நிற்கும்.