கட்-ஓவ் வரிசையைப் பார்த்துத் துறை தெரிவு செய்யாதீர்கள்: பொறியியல் முதலாண்டில் விடுகிற தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிறு, வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது மருமகன் ஒரு கொப்பித் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். பொறியியல் பீடத்தில் அவனுக்கு முதல் செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் எந்தத் துறை வேண்டும் என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். தாளில் ஒன்று முதல் எட்டு வரை வடிவாக எழுதியிருந்தான்.

"இது உன்ர வரிசையா?"

"சீனியர் ஒராள் தந்தவர் மாமா. போன பட்ச் கட்-ஓவ் வரிசை, எந்தத் துறைக்குக் கூடின புள்ளி வேண்டியிருந்தது எண்டு."

"சரி, அஞ்சாவதா மெட்டீரியல்ஸ் போட்டிருக்கிறாய். அதில என்ன படிப்பிக்கினம்?"

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். "மெட்டீரியல்ஸ் தான்..."

அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்தவன்தான்.

உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி எடுத்துப் பொறியியல் பீடத்துக்குள் நுழைந்தவுடன் துறை கிடைத்துவிடாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர் எல்லோருக்கும் பொது. பேராதனையில் முதலாண்டு பொது. அதன் பிறகு பரீட்சைப் பெறுபேறும் நீங்கள் கொடுத்த விருப்ப வரிசையும் சேர்ந்துதான் துறையைத் தீர்மானிக்கின்றன. சில துறைகளுக்கு மட்டும் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்திலேயே தனிப் பாடநெறியாக ஆள் எடுக்கிறார்கள். அதைக் கையேட்டில் பார்க்காமல் விட்டவர்களையும் தெரியும். (கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இல்லை என்பது இன்னும் சில பெற்றோருக்குப் புதினம். 1950இல் கொழும்பில் தொடங்கிய பீடம்தான் அறுபதுகளில் பேராதனைக்குப் போனது.)

முதல் தவறு, மருமகனின் தாளில் இருந்ததுதான். போன பட்சில் அதிகப் புள்ளிக்காரர் எங்கே போனார்களோ அதுவே நல்ல துறை என்று நினைப்பது. அந்த வரிசை எப்படி உண்டாகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பட்ச் அதற்கு முந்திய பட்சைப் பார்த்து எழுதுகிறது. அந்தப் பட்ச் அதற்கும் முந்தியதைப் பார்த்து எழுதியது. செம்மறி ஆட்டு மந்தையில் முன்னால் போகிற ஆட்டுக்கும் வழி தெரியாது.

எனக்கு உண்மையில் பிடித்தது மின் பொறியியல். ஆனால் என்னுடைய புள்ளிக்கு இலத்திரனியலும் தொலைத்தொடர்பும் கிடைக்கும் என்று தெரிந்ததும் வீட்டிலும் விடுதியிலும் எல்லோரும் ஒரே பாட்டு: "எடுத்த மார்க்ஸை வீணாக்காதே." ஏதோ கடையில் கூப்பன் காலாவதியாகப் போகிற மாதிரி. எடுத்தேன். அடுத்த மூன்று வருடம் சமிக்ஞைகள், மின்காந்த அலைகள், நிகழ்தகவு என்று ஒவ்வொரு பரீட்சைக்கும் மனப்பாடம் செய்து தப்பினேன். அந்தத் துறை மோசம் என்று சொல்ல வரவில்லை. பக்கத்து மேசை நண்பன் அதே பாடங்களைத் தின்றுகொண்டே கணக்குப் போடுவான். அவனுக்கு அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன, எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது நான் கட்டடங்களின் மின், குளிரூட்டல் வேலையில்தான் இருக்கிறேன். படித்ததில் பாதியை மறந்து, படிக்காததை வேலையில் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்த இடம்.

கேள்விகள் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறைகளைப் பற்றி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத விஷயம் அதுதான். சிவில் என்றால் கட்டடம், மெக்கானிக்கல் என்றால் எஞ்சின், எலக்ட்ரிக்கல் என்றால் வயர் என்று பொருள்களை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நடைமுறையில் எல்லோரும் ஒரே பொருளைச் சுற்றித்தான் நிற்கிறோம்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு உயர்மாடிக் கட்டடம். இரண்டாம் நிலவறையில் குளிர்நீர் பம்ப் ஒன்று பயங்கரமாக அதிரத் தொடங்கியது. மெக்கானிக்கல்காரர் வந்தவுடன் நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியைப் பம்பின் உடலில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "உள்ளுக்குச் சரளைக்கல் உருளுற மாதிரி இருக்கு" என்றார். பம்புக்குள் வருகிற பக்கம் அழுத்தம் குறைந்து, நீரில் குமிழிகள் உண்டாகி உடைகிற சத்தம் அது. நான் கிளாம்ப் மீற்றரை எடுத்து மூன்று ஃபேஸிலும் மின்னோட்டம் சமமாக ஓடுகிறதா என்று பார்த்தேன். சிவில்காரர் பம்பைக் கவனிக்கவேயில்லை. அது நிற்கிற கொங்கிரீட் மேடையில் இருந்த வெடிப்பின் இரண்டு முனையிலும் சோக்கால் கோடு போட்டு, திகதி எழுதினார். நாளைக்கு நீள்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கடைசியில் பார்த்தால், பம்புக்குத் தண்ணீர் வருகிற பக்கத்து வடிகட்டி துருவால் அடைத்துக் கிடந்தது. அப்போது நீர் சுத்திகரிப்புக் கம்பனியிலிருந்து வந்த கெமிக்கல் எஞ்சினியர் கேட்டது வேறு கேள்வி: மூடிய சுற்றில் ஓடுகிற தண்ணீருக்குள் இவ்வளவு துரு எங்கேயிருந்து வந்தது? மருந்து அளவு பிழைத்திருக்கிறது. இன்னொரு பகிடி, கட்டடத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள் மூன்று வாரமாக அழுத்தம் இறங்குவதைப் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை கொடுக்கும்படி யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. அது கம்பியூட்டர்காரரின் கேள்வி.

ஒரு பம்ப், ஐந்து கேள்வி. இவற்றில் எதைக் கேட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்க உங்களுக்கு அலுக்காது என்று பார்ப்பதுதான் துறைத் தெரிவு.

பெயரை நம்பி ஏமாறுவது இரண்டாவது தவறு. இரசாயனப் பொறியியலுக்கு உயர்தர இரசாயனவியலில் சூரனாக இருக்க வேண்டும் என்று பயந்து கடைசியில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே சோதனைக் குழாயை விடக் குழாய்களும் பம்புகளும் வெப்பப் பரிமாற்றமும்தான் அதிகம். 1969 முதல் இயங்கும் சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தையோ ஒரு பால்மாத் தொழிற்சாலையையோ நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியூட்டர் எஞ்சினியரிங், கணினி விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றென்று நினைப்பதும் இதே வகை. சிப்புக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிற படிப்பும், கணிமுறைகளில் (ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிகளில்) தொடங்குகிற படிப்பும், ஒரு நிறுவனத்தின் கணினிகளை ஒழுங்காக ஓட வைக்கிற படிப்பும் வேறு வேறு.

மின் பொறியியலைப் பற்றி நான் பேசினால் நிறுத்த மாட்டேன், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று கேட்டு எல்லோரும் சிரித்தோம். ஒரு குரங்கால் ஒரு நாட்டையே இருட்டாக்க முடியுமா? ஞாயிறு பகலில் மின் பாவனை குறைவு. வெயில் நல்லாக இருந்ததால் கூரைச் சூரியப் பலகைகளிலிருந்து வந்த மின்சாரம் அதிகம். பெரிய நிலையங்களில் சுழலுகிற கனமான டர்பைன்கள் திடீர் அதிர்ச்சி வந்தால் ஓடுகிற வேகத்திலேயே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சூரியப் பலகையில் சுழலுகிற பாரம் ஒன்றும் இல்லை. சுழலுகிற பாரம் குறைந்திருந்த வலையமைப்பில் ஒரு கோளாறு வந்ததும் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்த முடியாமல் மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு. இந்தச் சிக்கலை வாசிக்கும்போது "சரி, அப்ப என்ன செய்யலாம்?" என்று உங்களுக்குள் அரிப்பு வந்தால், மின் பொறியியலை வயரிங் என்று ஒதுக்காதீர்கள்.

அப்புறம், வேலைச் சந்தை. இதில் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் காசு கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் பார்ப்பது இன்றைய சந்தை. பிள்ளை வேலைக்குப் போவது நாலு வருடம் கழித்து. யுத்தம் முடிந்த பிறகு கொழும்பு வானம் முழுக்கக் கிரேன். தாமரைக் கோபுரம், துறைமுக நகரம், அதிவேக வீதிகள் என்று சிவிலுக்கு நல்ல காலம். அதைப் பார்த்து உள்ளே போன பிள்ளைகளில் ஒரு பங்கு பேர் வெளியே வந்தது 2022இல். இலகு ரயில் திட்டத்தை 2020இலேயே கைவிட்டாகிவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே அறிவித்தது. சீமெந்து விலையைக் கேட்டால் தலை சுற்றிய காலம், பாதியில் நின்ற கட்டடங்கள் காலி வீதி நெடுகத் தெரிந்தன. என்னோடு வேலை செய்த சிவில் தம்பிமார் சிலர் கட்டாருக்கும் டுபாய்க்கும் போனார்கள். இப்போது எல்லோரும் கணினிப் பக்கம் ஓடுகிறார்கள். அந்தச் சந்தை நாலு வருடத்தில் எப்படி இருக்குமென்று அடித்துச் சொல்கிறவர் யாராவது இருந்தால் அவரிடம் லொத்தர் இலக்கமும் சேர்த்துக் கேளுங்கள்.

மெல்பேர்ன் சித்தப்பா, ஸ்காபரோ மாமி ஆகியோரின் தொலைபேசி ஆலோசனையும் நம்மவர் வீடுகளில் தவிர்க்க முடியாதது. அவர்களிடம் துறையைப் பற்றிக் கேட்பதைவிட ஒரு உருப்படியான விஷயத்தை நீங்களே பாருங்கள். விஜேராம மாவத்தையில் இருக்கும் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் மூலமாக இலங்கை 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதன்படி அங்கீகாரம் பெற்ற நாலு வருடப் பட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் ஏற்றுக்கொள்கின்றன. கவனிக்க வேண்டியது, அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனித்தனி. தனியார் நிறுவனங்களில் லட்சக் கணக்கில் கட்டணம் கட்டுகிறவர்கள் விளம்பரத் தாளை நம்பாமல், தாங்கள் சேரும் பட்டத்தின் பெயர் அங்கீகாரம் பெற்ற பட்டங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குச் சைட் வேலை சரிவராது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன வருடம் எங்கள் சைட்டில் இரவு இரண்டு மணிக்கு கொங்கிரீட் லொறியைத் திருப்பி அனுப்பியவர் ஒரு பெண் எஞ்சினியர். கலவை அளவுக்கு மீறி இளகியிருக்கிறதா என்று பார்க்கிற 300 மில்லிமீற்றர் கூம்பை நிரப்பித் தூக்கினார், கலவை சாம்பார் மாதிரி சரிந்தது. "இதை இறக்க மாட்டன்" என்றார். டிரைவர் போனில் யாரையெல்லாமோ எடுத்துப் பார்த்தார். லொறி திரும்பித்தான் போனது.

இத்தனைக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது, அதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. உயர்தரத்துக்கு இரண்டு வருடம் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் டியூஷனுக்கு ஓடிய களைப்பு. கம்பஸ் கிடைத்தாச்சு, இனிக் கொஞ்சம் மூச்சு விடுவோம் என்று முதல் செமஸ்டரைப் படுத்துக் கழிப்பது. துறையைத் தீர்மானிக்கிற புள்ளியே அங்கேதான் எழுதப்படுகிறது. தமிழ் மொழி மூலம் வந்தவர்களுக்கு இது இரட்டைச் சுமை. இணைந்த கணிதத்தில் புலியாக இருந்தவன் ஆங்கிலத்தில் கேள்வியை வாசித்து முடிக்கும் முன் நேரம் முடிகிறது. புரோகிராமிங்கை முன்பின் கண்டிராதவன், பத்தாம் வகுப்பிலேயே அதை எழுதிப் பழகியவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு செமஸ்டரில் புரோகிராமிங் வராததை வைத்து "எனக்குக் கணினி ஓடாது" என்று முடிவெடுப்பதும் அவசரம்தான். சிலருக்கு மூன்றாவது மாதத்தில்தான் ஏறும்.

மருமகனுக்குக் கடைசியில் நான் சொன்னது சின்ன வேலை. எட்டுத் துறையின் மூன்றாம் ஆண்டுப் பாடப் பட்டியலை இறக்கி வாசி. முதலாண்டுப் பாடங்கள் எதையும் காட்டாது, எல்லோரும் படிப்பதுதான். பிறகு ஒவ்வொரு துறையிலும் இரண்டு பேரைப் பிடி: ஒருவர் மூன்றாம் ஆண்டு, இன்னொருவர் வெளியே போய் இரண்டு வருடம் ஆனவர். "துறை நல்லதா?" என்று கேட்காதே. எல்லோரும் தங்கள் துறைதான் நல்லது என்பார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பின்னேரம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேள்.

போன கிழமை திரும்பவும் வெள்ளவத்தைக்குப் போயிருந்தேன். மருமகனின் வெள்ளைச் சட்டைக் கையில் கிரீஸ் கறை, அக்கா அதைக் கல்லில் தேய்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கல் ஆய்வுகூடத்தில் மூன்றாம் ஆண்டு அண்ணா ஒருவர் கியர்பொக்ஸைக் கழற்றும்போது இவனையும் பிடிக்கச் சொன்னாராம். புதுத் தாளில் மூன்று துறைகள்தான் இருந்தன. மெட்டீரியல்ஸ் இரண்டாவதாக ஏறியிருந்தது. மற்ற ஐந்துக்கும் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறானாம்.