லிஃப்ட் பண்ண பழைய ஜிப்ஸில மைலேஜ் ஏத்துறது எப்படி? புதுசா கைக்கு வாங்கினவங்களுக்கு

செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாருதி ஜிப்ஸி வாங்கியாச்சு, முந்தின ஓனரே லிஃப்ட் போட்டு (அதாவது சஸ்பென்ஷன்ல பாடிய உயர்த்தி) பெரிய டயரும் மாட்டி வச்சிருக்காரு, பாக்க கெத்தா நிக்குது, ஆனா பங்க்ல போடுற காசு எங்க போகுதுன்னே தெரியல. இந்த நிலைமைல இருக்கிறவங்களுக்குத்தான் இது. மஹிந்திரா தார், பழைய மேஜர் ஜீப் வச்சிருக்கிறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். ஜிப்ஸி எப்பவுமே மைலேஜ் வண்டி கிடையாது, பெட்டி மாதிரி பாடி, சின்ன பெட்ரோல் இன்ஜின், அதுக்கு மேல நாம லிஃப்ட் வேற பண்ணிட்டோம். அதனால ஆல்டோ கணக்கை மனசுல வச்சுக்காதீங்க. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி வண்டிங்கள்ல பாதி பிரச்சனை கணக்கே தப்பா போடுறது, மீதி எங்கயாவது ஒன்னு வண்டிய பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கிறது. ரெண்டையும் சரி பண்ண பெரிய செலவு ஒன்னும் கிடையாது, பார்ட்ஸ் வாங்குறதெல்லாம் கடைசி.

ஸ்டெப் 1: மொதல்ல ஒழுங்கா அளந்து பாருங்க

இத ஸ்கிப் பண்ணிடாதீங்க, இருக்கிறதுலயே முக்கியமானது இதுதான்.

ஜிப்ஸிக்கு கம்பெனி டயர் 205/70 ஆர்15. அதோட உயரம் சுமார் 668 மி.மீ. லிஃப்ட் பண்ணவங்க நிறைய பேர் போடுறது 235/75 ஆர்15, அது சுமார் 733 மி.மீ. இதை நீங்களே போட்டு பாக்கலாம்: 235ல 75 சதவீதம் 176, மேலயும் கீழயும் சேத்து ரெண்டு மடங்கு, கூட 15 இன்ச் ரிம்முக்கு 381 மி.மீ, அவ்ளோதான். அப்போ டயர் கிட்டத்தட்ட 10 சதவீதம் பெருசு, ஒரு சுத்துக்கு 10 சதவீதம் கூடுதலா ஓடுது, ஆனா மீட்டருக்கு அது தெரியாது, அது பழைய டயர் கணக்கிலயே எண்ணிக்கிட்டு இருக்கு.

உதாரணத்துக்கு மீட்டர்ல 300 கி.மீ காட்டுது, 32 லிட்டர் புடிச்சுதுன்னு வைங்க. வகுத்தா 9.4 தான் வரும், தலைல கை வச்சுப்பீங்க. நிஜமா வண்டி ஓடினது 330 கி.மீ பக்கம், அப்போ மைலேஜ் 10.3. ஒரு ரூபா செலவில்லாம கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கூடிருச்சு.

டயர் தேஞ்சிருக்கும், மீட்டரும் வண்டிக்கு வண்டி மாறும், அதனால கணக்க மட்டும் நம்பாதீங்க. ஹைவேல போன்ல ஜிபிஎஸ் ஆப் ஓட விட்டு ஒரு 50 கி.மீ போங்க, மீட்டர் எவ்ளோ காட்டுது, போன் எவ்ளோ காட்டுதுன்னு பாத்து, போன் கணக்க மீட்டர் கணக்கால வகுத்து அந்த நம்பர டேஷ்போர்டுல ஒட்டி வச்சுக்கோங்க, மீட்டர் காட்டுற தூரத்த அதால பெருக்கினா நிஜ தூரம். அப்புறம் டேங்க் ஃபுல் டு ஃபுல், ஒரே பங்க், முடிஞ்சா அதே பம்ப், நாசில் முதல் தடவ கட் ஆனதும் நிறுத்திடணும், "அண்ணே ரவுண்டா போட்டுக்கலாமா"ன்னு கேப்பாங்க, வேணாம்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு ஃபில்ல வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, ரெண்டு மூணு ஃபில் சராசரி எடுங்க.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஸ்பீடாமீட்டரும் இதே மாதிரி குறைச்சுத்தான் காட்டும், நீங்க 80ல போறதா நினைச்சுட்டு இருப்பீங்க, வண்டி 88ல போயிட்டு இருக்கும். அது ஏன் காசு விஷயம்னு ஸ்டெப் 5ல வரும்.

ஸ்டெப் 2: டயர் காத்து

கதவு பக்கத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கம்பெனி டயருக்கானது, உங்க டயருக்கு இல்ல. பஞ்சர் கடைல கேட்டா அவங்களுக்கு எல்லா ஜீப்பும் ஒன்னுதான், 35 அடிச்சு விடுவாங்க, ஜிப்ஸி வெயிட்டுக்கு அது ரொம்ப ஓவர், நடு பட்டை மட்டும் தேயும், இடுப்பும் போயிடும். ரெண்டாவது கேஸ், மண்ணுல ஓட்ட காத்து எறக்கிட்டு திரும்ப அடிக்காமலே ரோட்டுல சுத்துறவங்க. மைலேஜ தின்னுறதுல இதுதான் நம்பர் ஒன்.

சாக்பீஸ் டெஸ்ட் பண்ணுங்க. காலைல டயர் சூடாகாம இருக்கும்போது டயரோட மேல்பட்டைல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் தடியா ஒரு கோடு போட்டு, சமமான ரோட்டுல நேரா கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கி பாருங்க. நடுவுல மட்டும் கோடு அழிஞ்சிருந்தா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரத்துல மட்டும் அழிஞ்சிருந்தா கம்மி, ஃபுல்லா ஒரே மாதிரி அழிஞ்சா அதுதான் உங்க நம்பர். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பி.எஸ்.ஐ ஏத்தி எறக்கி பாத்தா போதும். முன்னாடிக்கும் பின்னாடிக்கும் தனித்தனியா பாக்கணும், பின்னாடி சாமான் ஏத்துறவங்க ஏத்திட்டு பாருங்க.

ஸ்டெப் 3: எது இழுத்து பிடிக்குதுன்னு கண்டுபிடிங்க

நேரான ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, பிரேக்க அழுத்தாம வண்டிய தானா மெதுவா நிக்க விட்டு இறங்கி, நாலு சக்கரத்துலயும் ரிம் நடுப்பக்கம் புறங்கைய கிட்ட கொண்டு போய் பாருங்க, தொட்டுடாதீங்க சுட்டுரும். மூணு வெதுவெதுன்னு இருந்து ஒன்னு மட்டும் கொதிச்சா அந்த சக்கரத்துல பிரேக் ஒட்டிக்கிட்டு இருக்கு, இல்லனா பேரிங் போச்சு. தண்ணி, சேறுன்னு இறங்கின வண்டில முன்னாடி காலிப்பர் (பிரேக் பேட அமுக்குற பாகம்) பின் துருப்பிடிச்சு ஜாம் ஆகிறது ரொம்ப சகஜம். கழட்டி சுத்தம் பண்ணி அதுக்குன்னு இருக்கிற கிரீஸ் போட்டா சரியாயிடும். அப்படியே பிரேக் ஹோஸையும் பாத்துடுங்க, லிஃப்ட் பண்ணா ஆக்சில் கீழ போயிடும், ஹோஸ் விறைப்பா நின்னா அது மைலேஜ் விஷயம் இல்ல உயிர் விஷயம், நீளமானது மாத்துங்க.

அடுத்தது ஹப். முன் சக்கர நடுவுல ஃப்ரீ, லாக்னு திருப்புற டயல் இருந்தா ரோட்டுல அது ஃப்ரீல இருக்கணும். லாக்ல இருந்தா நீங்க 2 வீல்ல ஓட்டினாலும் முன் ஆக்சில் ஷாஃப்ட், டிஃப்ரன்ஷியல், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா கூடவே சுத்தும், அத சுத்த வைக்கிறதும் உங்க பெட்ரோல்தான். ஒரு பக்கம் ஃப்ரீ ஒரு பக்கம் லாக்னு விட்டுட்டு ஓட்டுறவங்களும் இருக்காங்க, ரெண்டையும் பாருங்க. மழை பெய்யுதேன்னு தார் ரோட்டுல 4 ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கிற மோட்) போட்டு ஓட்டாதீங்க, முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசத்த சமாளிக்கிற நடு டிஃப்ரன்ஷியல் ஜிப்ஸில கிடையாது, வளைவுல முன்னும் பின்னும் வேற வேற தூரம் ஓடணும், முடியாம டயர தேச்சுக்கிட்டே போகும்.

அலைன்மென்ட்: முன்னாடி சாலிட் ஆக்சில்ங்கிறதால டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ள வெளிய திரும்பியிருக்கிற அளவு) மட்டும்தான் செட் பண்ண முடியும், கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா சக்கரம் சாஞ்சிருக்கிற அளவு) அட்ஜஸ்ட் பண்றேன்னு பில் போட்டா அந்த கடைல இருந்து கிளம்பிடுங்க. லிஃப்ட் போட்டப்புறம் டோ பாக்காத வண்டிங்க நிறைய. டயர் மேல கைய குறுக்கா தடவி பாருங்க, ஒரு பக்கம் தடவினா வழவழன்னும் மறுபக்கம் தடவினா ரம்பம் மாதிரியும் இருந்தா டோ தப்பு.

ஸ்டெப் 4: இன்ஜின்

உங்களுது எந்த ஜிப்ஸின்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. 1985ல வந்தது 970 சிசி, 1996ல வந்த ஜிப்ஸி கிங் 1.3 லிட்டர் கார்புரேட்டர், 2000ல இருந்து அதே 1.3 எம்.பி.எஃப்.ஐ (கம்ப்யூட்டர் அளந்து இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் விடுற முறை) ஆச்சு, 16 வால்வு, 80 குதிரை சக்தி.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், மாத்தி ரொம்ப நாளாச்சுன்னா மாத்துங்க, மேல போவோம்.

யாரும் பாக்காத ஒன்னு தெர்மோஸ்டாட். நம்ம ஊர்ல வண்டி ஹீட் ஆகுதுன்னு போனா தெர்மோஸ்டாட்ட கழட்டி தூக்கி போட்டுட்டு "இனிமே ஹீட்டே ஆகாது"ன்னு அனுப்பிடுற வழக்கம் ஒன்னு இருக்கு. ஹீட் ஆகாதுதான், ஆனா இன்ஜின் அதுக்கு வேண்டிய சூட்டுக்கே வராது, எம்.பி.எஃப்.ஐ வண்டில கம்ப்யூட்டர் இன்னும் வார்ம் அப் முடியலன்னு நினைச்சு பெட்ரோல கூடுதலாவே ஊத்திக்கிட்டு இருக்கும். கண்டுபிடிக்கிறது ஈஸி, காலைல ஸ்டார்ட் பண்ணி ஓட்டும்போது ஹீட் முள் கொஞ்ச நேரத்துல நடுக்கு வந்து அங்கயே நிக்கணும். ஹைவேல காத்து அடிச்சா இறங்குது, சிக்னல்ல நின்னா ஏறுதுன்னா தெர்மோஸ்டாட் இல்ல, இல்லனா தொறந்தபடியே மாட்டிக்கிச்சு. புதுசு போடுங்க, விலை ஒன்னும் பெருசு இல்ல, ஆனா எதுக்கு முன்னாடி ஹீட் ஆச்சுன்னு ரேடியேட்டரையும் பாக்க சொல்லுங்க, இல்லனா பழைய கதை திரும்ப வரும்.

கார்புரேட்டர் வண்டின்னா சோக் முழுசா திரும்புதான்னு பாருங்க, கேபிள் பாதில சிக்கி நின்னா கருப்பு புகையும் பெட்ரோல் வாசனையும் வரும்.

கிளட்ச்: பெரிய டயர் போட்டா கிளட்ச்சுக்கு வேலை கூடும். நாலாவது கியர்ல 40ல போகும்போது ஃபுல்லா மிதிங்க, இன்ஜின் சத்தம் மட்டும் சர்ருன்னு ஏறி வண்டி ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச் வழுக்குது.

அப்புறம் பெட்ரோல். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால்ல லிட்டருக்கு இருக்கிற சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால சுத்த பெட்ரோலோட ஒப்பிட்டா ஆறு ஏழு சதவீதம் சக்தி அங்கயே போயிடுது. இதுக்கு நாம பண்ண ஒன்னும் இல்ல, ஆனா பத்து வருஷம் முந்தி யாரோ சொன்ன மைலேஜ இன்னைக்கு எதிர்பாக்காதீங்க. பழைய ரப்பர் ஃபியூயல் ஹோஸ் எத்தனாலுக்கு ஊறி வெடிப்பு விடும், டேங்க்ல இருந்து இன்ஜின் வரைக்கும் ஒருதடவ கைவச்சு பாத்து, சந்தேகமா இருந்தா எத்தனால் தாங்குற ஹோஸா மாத்திடுங்க.

ஸ்டெப் 5: காத்தும் வெயிட்டும்

காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80க்கும் 100க்கும் 20 கி.மீ தானேன்னு தோணும், காத்து 56 சதவீதம் கூடுதலா தள்ளும். ஸ்டெப் 1ல சொன்ன அந்த 80, 88 விஷயம் இதுதான், மீட்டர நம்பி போனா உங்களுக்கே தெரியாம 20 சதவீதம் கூடுதல் காத்த கிழிச்சுக்கிட்டு போறீங்க. லிஃப்ட் பண்ண ஜிப்ஸி ஏற்கனவே நிமிர்ந்த கண்ணாடியோட நிக்குது, நிஜ வேகம் 75, 80க்குள்ள வச்சா வித்தியாசம் அடுத்த ஃபில்லயே தெரியும்.

மேல இருக்கிற கேரியர், காலி ஜெர்ரி கேன், ஏணி, லைட் பார், இதெல்லாம் டூர் போகும்போது மட்டும் மாட்டுங்க. தினமும் ஆபீஸ் போக ஏணி எதுக்கு? கேன்வாஸ் டாப் லூசா படபடன்னு அடிச்சா இழுத்து கட்டுங்க. இரும்பு பம்பர், வின்ச் மாதிரி வெயிட் ஹைவேல அவ்ளோ தெரியாது, டவுன் டிராஃபிக்லயும் மலை ஏத்தத்துலயும்தான் தெரியும்.

ஸ்டெப் 6: ஓட்டுற விதம்

பெரிய டயர் போட்டதுல கியர் எல்லாம் 10 சதவீதம் நீண்டு போச்சு, அதனால முன்னாடி அஞ்சாவதுல போன வேகத்துல இப்போ நாலாவதுதான் சரி. மிதிச்சும் பிக்கப் இல்லாம வண்டி நடுங்கினா ஒரு கியர் குறைங்க, மேல் கியர்ல போட்டு அமுக்கி ஓட்டுறது மிச்சம் கிடையாது.

மலை எறக்கத்துல நியூட்ரல் போடாதீங்க. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, மேல இருந்து இறங்கும்போது "பெட்ரோல் மிச்சம்"னு நியூட்ரல்ல உருட்டுறவங்கள இன்னும் பாக்குறேன். எம்.பி.எஃப்.ஐ வண்டில கியர்ல வச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோல நிறுத்திடும், நியூட்ரல்லதான் ஐடிலுக்கு குடிச்சுக்கிட்டே இருக்கும். பிரேக் சூடாகி பிடிக்காம போறது வேற.

ஸ்டெப் 7: கடைசியா காசு செலவு

ஃபியூயல் பைப்ல மாட்டுற காந்தம், டேங்க்ல போடுற மாத்திரை, சாக்கெட்ல சொருகுற சிப், எதுவும் வேணாம். அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பு இ.பி.ஏ இந்த மாதிரி நூத்துக்கும் மேல ஐட்டத்த பாத்துட்டு, மைலேஜ பெருசா ஏத்துறது ஒன்னும் இல்லன்னுதான் முடிச்சாங்க.

டிஃப்ரன்ஷியல்ல பல்லு மாத்தி ரேஷியோவ சரி பண்ணலாம், ஓட்ட சுகமா இருக்கும், ஆனா முன்னும் பின்னும் ரெண்டையும் ஒரே மாதிரி மாத்தணும், அந்த செலவ மைலேஜ்ல எடுக்க முடியும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

காசு போடணும்னா டயர்ல போடுங்க, அதுவும் இருக்கிறது தேஞ்சப்புறம். மட் டயர் கனம், ரோட்டுல உருள கஷ்டப்படும், மாசத்துக்கு ஒரு நாள் சேத்துல இறங்குறவங்களுக்கு ஏ.டி (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன்) டயரே தாராளம். 215/75 ஆர்15 கேளுங்க, உயரம் சுமார் 703 மி.மீ, கம்பெனி டயர விட 5 சதவீதம்தான் பெருசு, 235 டயர விட அகலமும் கம்மி, லிஃப்ட் பண்ண வண்டிக்கு பாக்கவும் சின்னதா தெரியாது. கடைக்காரர் "அண்ணே இன்னும் பெருசா போட்டா செமயா இருக்கும்"னு ஆரம்பிப்பாரு. மாட்டினதும் ஸ்டெப் 1ல சொன்ன ஜிபிஎஸ் கணக்க புதுசா எடுத்து, டேஷ்போர்டுல இருக்கிற பழைய நம்பர கிழிச்சுடுங்க.