படகு சீட்: எந்தக் கறை போகும், எந்தக் கிழிசல் ஒட்டும்

படகு சீட்டில் போர்த்தியிருக்கும் வினைல் ஒரே தகடு அல்ல. அடியில் பாலியெஸ்டர் துணி, அதன் மேல் பிவிசி, அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் பூச்சு. பிவிசி இயல்பிலேயே விறைப்பானது. அதைத் தோல்போல வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். அது வெளியேறினால் சீட் காய்ந்து வெடிக்கும். மேல்பூச்சு தேய்ந்தால் அழுக்கு நேராக உள்ளே இறங்கும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் மூன்றையும் கிட்டே கொண்டுவரக் கூடாது என்பது இதனால்தான். வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் வேண்டாம். தேய்த்தவுடன் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள். அடுத்த முறை அதே இடம்தான் முதலில் கறுக்கும்.

மீன் ரத்தம் தவிர எந்தக் கறையானாலும் முதலில் சோப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், தையல் ஓரங்களுக்குப் பழைய டூத் பிரஷ். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். குழாயை நேராகப் பீய்ச்ச வேண்டாம். ஒவ்வொரு தையல் துளையும் தண்ணீருக்கு வாசல். உள்ளே இருக்கும் ஃபோம் அதை விடவே விடாது.

கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். 3% ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்து 10 நிமிடம் விட்டு, லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒரு பங்கு பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர். அதைச் சீட்டின் அடிப்பக்கத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் விடாமல் நன்றாகத் துடைத்தெடுங்கள். பருத்தி, நைலான் நூல்களை பிளீச் அரிக்கும். வினிகரோ அமோனியா கலந்த துப்புரவு திரவமோ அதனோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒரே நாளில் ஒரே இடத்தில் பிளீச்சையும் இவற்றில் ஒன்றையும் போடவே வேண்டாம்.

இளஞ்சிவப்புக் கறை வேறு கதை. பலர் மணிக்கணக்கில் தேய்த்து மேல்பூச்சைக் கெடுத்துக்கொள்வது இதில்தான். ஈரமான ஃபோமிலோ அடிப்பலகையிலோ வளரும் நுண்ணுயிர்கள் ஒரு சாயத்தை விடுகின்றன. அந்தச் சாயம் பிளாஸ்டிசைசரில் கரைந்து, அடியிலிருந்து மேலே ஊறி வருகிறது. கறை வினைலுக்குள் இருக்கிறது, மேலே இல்லை. பிளீச் போட்டு வெளுத்தாலும் சில வாரத்தில் திரும்பும், உள்ளே ஈரம் இருக்கும்வரை. சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தையல் துளைகளில் குமிழியோடு தண்ணீர் கசிந்தால் சீட்டைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

பேனா மைக்கு 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்த்தால் மை பரவும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் பஞ்சின் சுத்தமான பக்கம், முடிந்ததும் உடனே தண்ணீர். மீன் ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும், சூடு பட்டால் அது உறைந்து பிடிக்கும். சன்ஸ்கிரீன் புதிதாக இருந்தால் சோப்புக்குப் போகும். மஞ்சளாக ஊறிவிட்டதை விட்டுவிடுவதே நல்லது. துருக்கறையை ஆக்சாலிக் அமிலம் கலந்த துருநீக்கி எடுக்கும், கையுறை அவசியம். ஆனால் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னையோ திருகையோ மாற்றாதவரை கறை மறுபடி வரும்.

கிழிசலில் தையல் விட்டிருந்தால் மகிழுங்கள், அதுதான் எளிது. வளைந்த ஊசி, வெயிலைத் தாங்கும் பாண்டட் (இழைகள் பிரியாதபடி பூச்சிட்ட) பாலியெஸ்டர் நூல். விட்டுப்போன இடத்துக்கு 2 செ.மீ. முன்பே தொடங்கி, பழைய துளைகளிலேயே, ஒரு பக்கம் மறு பக்கம் என்று ஏணிபோலக் கோத்து இழுங்கள். புதுத் துளை போட்டால் அந்த வரிசையிலேயே வினைல் கிழியும். அளவுக்கு மேல் இறுக்கினால், சோப்பைக் கம்பி அறுப்பதுபோல நூல் வினைலை அறுக்கும்.

நடுவில் வெட்டுப்பட்டிருந்தால், அதன் அருகே வினைலை விரலால் மடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளை வெடிப்புகள் தெரிந்தால் அது காய்ந்துவிட்டது. ஒட்டினாலும் ஒட்டுக்குப் பக்கத்திலேயே கிழியும். இன்னும் மென்மையாக இருந்தால், வெட்டைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. அகலமாக ஒரு துணித் துண்டை, மூலைகளை வட்டமாக வெட்டி எடுங்கள். கூர்மூலை உள்ளே சுருண்டுகொள்ளும். வினைலின் உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்து, துண்டை இடுக்கியால் உள்ளே நுழைத்து விரியுங்கள். வளையக்கூடிய வினைல் பசையைப் பூசி, இரண்டு ஓரங்களையும் இழுக்காமல் சேர்த்து, மெழுகுத்தாள் வைத்து அதன் மேல் எடை ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம்: கண்ணாடிபோல இறுகிவிடும், யாராவது உட்கார்ந்ததும் அதன் ஓரம் வினைலை வெட்டும்.

ஒட்டிய இடத்தில் மிஞ்சும் பள்ளத்தைத் திரவ வினைலால் நிரப்பும்போது மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்த பின் அடுத்தது. ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் மேலே தோல் கட்டி, உள்ளே சுருங்கிக் குழிவிழும்.

வெட்டு கை அகலத்துக்கு மேல் போனால் அந்த வினைல் துண்டையே மாற்றுங்கள். தையலைப் பிரிப்பதற்கு முன், துண்டுகள் சேரும் இடங்களைச் சாக்கால் குறித்துக்கொள்ளுங்கள்; பிரித்த பழைய துண்டே அளவுத்தாள். சீட் திறந்திருக்கும்போதே ஃபோமைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் நிறுத்திவைத்து முழுதாக உலர்த்துங்கள், நாற்றமடித்தால் மாற்றுங்கள். பிளைவுட் அடிப்பலகையில் திருகுளியால் குத்தினால் இறங்குகிறதா என்றும் பாருங்கள்; இறங்கினால் அதையும் மாற்றுங்கள். புதுப் பலகையில் சில வடிதுளைகள் போட்டுவிடுங்கள். புது வினைலை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகி நன்றாக இழுபடும். நான்கு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஸ்டேப்ளர் பின் அடித்து, பிறகு மூலைகளை நோக்கிப் போங்கள். ஸ்டேப்ளர் பின், உப்புநீரைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, பலகையின் தடிமனைவிடக் குட்டையாக இருக்கட்டும்; 12 மி.மீ. பலகைக்கு 10 மி.மீ. பின் போதும்.