கோதிக் மெட்டலில் இண்டஸ்ட்ரியல் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டு அறையில் லப்டொப்பை வைத்து, கோதிக் மெட்டலோடு இண்டஸ்ட்ரியலின் இயந்திர ஒலிகளைக் கலந்து அல்பம் செய்யும் பொடியங்களின் டெமோக்களில் அதே பழைய பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சுருதி பிசகுவது, கிளிக் (தாளம் காட்டும் ஒலி) இல்லாமல் அடிப்பது எல்லாம் தானாகவே பிடிபடும். அவற்றை விடுவோம்.

அடியில் நான்கு பேர் அடிபடுவது

எரிச்சல் மூட்டுவது இதுதான். பி சுருதிக்கு இறக்கிய கிற்றாரின் தடித்த தந்தி 62 ஹேர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸின் பி 31. கிக் டிரம்மின் இடி பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடையில். இதற்குள் சின்த்தில் (மின்னணு ஒலி உருவாக்கியில்) வாசிக்கும் பேஸையும் திணித்தால் எதுவுமே கேட்காது. உடனே எல்லாவற்றையும் கூட்டுவார்கள், பிறகு கொம்பிரஸரைப் போட்டு நசுக்குவார்கள்.

100 ஹேர்ட்ஸுக்குக் கீழே எந்தப் பகுதியில் யார் என்பதைப் பதிவுக்கு முன்பே தாளில் எழுதுங்கள். கிற்றாரில் 80–90க்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். தனியே கேட்க மெலிந்துதான் இருக்கும், பயப்பட வேண்டாம். சின்த் பேஸும் பேஸ் கிற்றாரும் ஒரே சுரத்தை வாசித்தால், பேஸ் கிற்றாரை 120க்கு மேலே டிஸ்டோர்ஷனோடு வைத்து, அடியைச் சின்த்திடம் விடுங்கள், அதுவும் மொனோவில் (இரு பக்கமும் ஒரே ஒலியாக). கிக் விழும்போது சின்த் 3–4 டெசிபெல் இறங்கட்டும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) பதினாறில் ஒரு பங்குச் சுரம் 125 மில்லி செக்கன். ரிலீஸ் (இறங்கிய ஒலி மீளும் நேரம்) அதைவிட நீண்டால் டபுள் கிக் ஓடும் இடத்தில் பேஸ் எழும்பவே மாட்டாது.

இவ்வளவும் செய்தும் ஒரு அடி விழுந்து அடுத்த அடி தொலைகிறதா? சின்த்தில் அலையை உருவாக்கும் ஒசிலேட்டர் ஒவ்வொரு சுரத்தையும் வேறு வேறு இடத்தில் தொடங்குகிறது. அலை கிக்கோடு ஒருமுறை சேரும், மறுமுறை வெட்டிக்கொள்ளும். எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கவைக்கும் ஃபேஸ் ரிட்ரிகரை ஒன் செய்தால் தீர்ந்தது. சின்த்தை ஓடியோவாக மாற்றிவிட்டு மிடியை (வாசித்த சுரங்களின் குறிப்பை) அழித்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பாட்டுப் பாட்டாகத் திரும்ப வாசிக்க வேண்டியதுதான். மிடி கோப்பு சில கிலோபைட். அதை அழித்து என்ன இடத்தை மிச்சம் பிடிக்கிறார்களோ!

டிரம் மெஷினை மனிதனாக்குவது

வேண்டாம், இந்தக் கலவைக்கு இயந்திர அடியே பொருந்தும். சமேல் இசைக்குழு 1996இல் வெளியிட்ட ‘பாஸேஜ்’ அல்பம் முழுவதும் புரோகிராம் செய்த டிரம்தான்.

50 ஹேர்ட்ஸ் உறுமல்

எர்த் சரியில்லாத பழைய பிளாட்டுகளில் ஹை-கெயின் (அதிகம் பெருக்கிய) கிற்றாரோடும் பேஸோடும் மின்சாரத்தின் உறுமலும் சேர்ந்து பதிவாகும். நொய்ஸ் கேட் (வாசிக்காதபோது ஒலியை மூடுவது) இடைவெளியை மட்டுமே அடைக்கும். வாசிக்கும்போது உள்ளே இருந்துகொண்டே இருக்கும். பேஸின் தாழ்ந்த ஜி 49 ஹேர்ட்ஸ் என்பதால் ஃபில்டரால் வெட்டினால் அந்தச் சுரமும் போய்விடும். லப்டொப் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் பதிவுசெய்து பாருங்கள். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள், உயிர் போகும்.

குரல்

உறுமும் குரலுக்கும் பாடும் குரலுக்கும் ஒரே ரிவேர்ப் (எதிரொலி) போடாதீர்கள். உறுமும் குரல் ரிவேர்ப் இல்லாமல் காய்ந்தே இருக்கட்டும். பாடும் குரலுக்கு 40–60 மில்லி செக்கன் பிரீ-டிலே (ரிவேர்ப் தொடங்குமுன் இடைவெளி) கொடுத்தால் சொற்கள் மூழ்காது.

மாஸ்டர்

முடித்த பாட்டின் உச்சம் -1 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம்.