லீவுக்குக் கடற்கரை போகிறவர்களுக்கு: தண்ணீரில் கால் வைக்கும் முன்

மே மாதம் பிறந்தால் போதும், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடு திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் கிளம்பிவிடும், மீதி வீடு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய் மெரினாவில் நிற்கும். பிள்ளைகளோடு இந்த இடங்களுக்கெல்லாம் போய், கரையில் கடை போட்டிருப்பவர்களிடமும் மீனவர்களிடமும் கேட்டுக் கேட்டு நான் பழகிக்கொண்ட முறை இது. நீச்சல் தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடாதீர்கள், தாமிரபரணிக் குறுக்குத்துறையில் நீந்தி வளர்ந்தவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும்.

1. முந்தின நாள் ராத்திரி

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் கடல் அலைக்கு எச்சரிக்கை கொடுக்கும், அதைப் பாருங்கள். வானிலை மட்டும் பார்த்தால் போதாது. ஏப்ரல், மே மாதங்களில் தென்பகுதியில் கள்ளக்கடல் என்ற ஒன்று வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலில் கிளம்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து நம் கரையில் ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் இறந்துபோனது இப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். எச்சரிக்கை இருந்தால் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், கடலை இன்னொரு நாள் பார்க்கலாம்.

2. உடுப்பும் சாமானும்

சேலை, துப்பட்டா, வேட்டி மூன்றும் அலையில் காலைச் சுற்றும். டிராக் பேண்ட் போடுங்கள். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் சட்டைதான் என் சிபாரிசு, நீலச் சட்டை தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது. காற்றடைத்த டியூப், மிதவைப் பொம்மை எதையும் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். கரையிலிருந்து காற்று அடித்தால் பிள்ளையோடு சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். வாங்குவதென்றால் கவட்டை வழியாக வார் போடுகிற லைஃப் ஜாக்கெட்டாக வாங்குங்கள், அந்த வார் இல்லாதது தோளுக்கு மேலே ஏறி முகத்தை மூடும்.

3. பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள்

எனக்குப் புரிய ரொம்ப நாள் எடுத்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கரையில் வந்து மோதுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போயாக வேண்டும். அடியில் மணல் திட்டு இருக்கும், அதில் எங்காவது ஒரு வாய் திறந்திருக்கும், தண்ணீர் அந்த வாய் வழியாகத் திரும்பக் கடலுக்குள் பாயும். நம் ஆட்கள் இழுப்பு என்று சொல்வது இதைத்தான். சில நேரம் நொடிக்கு 2 மீட்டர் வேகம்கூட வரும், ஒலிம்பிக் வீரர்கூட அதை எதிர்த்து நீந்த முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், மேலே பார்க்க அந்த இடம்தான் அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு சந்து மட்டும் உடையாமல் கருத்தோ கலங்கியோ தெரியும். பிள்ளைகளுக்கு அலை இல்லாத இடம் நல்லது என்று நாம் சரியாக அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம்.

திருச்செந்தூரில் இதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. யாராவது போட்ட மாலையோ பூவோ மிதந்துகொண்டிருக்கும். அதில் ஒன்றை மட்டும் கண்ணை எடுக்காமல் பாருங்கள். அலையோடு முன்னும் பின்னும் ஆடிக் கரைக்கு வந்தால் சரி. ஆடாமல் நேரே உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது. பாறை ஓரத்திலும், கரையைக் காக்கக் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டிய தூண்டில் வளைவு ஓரத்திலும் இழுப்பு அநேகமாக எப்போதும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் கடைக்காரரிடம், “அண்ணாச்சி, இன்னைக்கு எந்தப் பக்கம் இழுப்பு?” என்று கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்.

4. மாட்டிக்கொண்டால்

இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். தாமிரபரணியில் தண்ணீர் வேகமாகப் போகும்போது எதிர்த்தா நீந்துவோம்? சாய்வாகப் போய் கொஞ்சம் கீழே கரையேறுவோம். இங்கேயும் அதேதான், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை வெள்ளையாக உடையும் இடம் வந்ததும் கரைப் பக்கம் திரும்புங்கள். நீந்தத் தெம்பில்லையா, மல்லாந்து மிதந்துகொண்டு ஒரு கையை ஆட்டுங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் இழுப்பு தளர்ந்துவிடும்.

5. கரையில்

கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு முங்குவது நம் வழக்கம். அப்படிச் செய்யும்போது முதுகு கடலுக்கு இருக்கும், பின்னால் வரும் அலை தெரியாது. ஆச்சி முங்கும்போது பக்கத்தில் ஒருவர் கடலைப் பார்த்தபடி கையைப் பிடித்து நில்லுங்கள். கூட்டத்தில் தவறினால் சேர வேண்டிய இடமாகத் திருச்செந்தூரில் நாழிக்கிணறு, மெரினாவில் உழைப்பாளர் சிலை என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள், பஜ்ஜிக் கடையை அடையாளம் சொன்னால் எல்லாக் கடையும் ஒன்றுபோல இருக்கும். மெரினாவில் குளிக்கவே போலீஸ் தடை இருக்கிறது, கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

6. யாராவது மூழ்கினால்

மூழ்குகிறவர் கத்த மாட்டார், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், சத்தமே வராது. பின்னால் குதிக்காதீர்கள், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவதுதான் அடிக்கடி நடக்கிறது. மிதக்கிற எதையாவது எறியுங்கள், காலி தண்ணீர்க் கேன்கூடப் போதும். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுற்றுவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயில் மூச்சைக் கொடுத்து, பிறகு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், சிலருக்கு மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்து வரும்.

பின்னால் சேர்த்தது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கினால் வெளியே தெரியும் பாறையில் ஏறி போட்டோ எடுக்கலாமா என்று ஒரு மதினி கேட்டிருந்தார். வேண்டாம். பாசி வழுக்கும், கடல் முள்ளெலி குத்தும், தண்ணீர் திரும்பி வரும்போது பாறைக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் முதலில் நிரம்பும்.

இன்னொன்று, ஜெல்லி மீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை சுரண்டாமல் சாமணத்தால் மெதுவாக எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் 20 நிமிஷம் வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் 108.