பி.ஆர்.பி. ஊசிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

விறைப்பு சரியாக வரவில்லை என்று ஒருமுறை போனில் தேடினால் போதும், பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா) ஊசி விளம்பரம் வந்து நிற்கும்: உங்கள் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து ஆண்குறியில் ஊசியாகப் போடுவார்கள், புது ரத்தக் குழாய் முளைக்கும் என்று. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாததால் பலர் நேராகப் போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் இந்த விளம்பரங்களில் வரும் 'வளர்ச்சிக் காரணி' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள். தட்டணுக்களில் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் இருக்கிறது, ரத்தக் குழாயை முளைக்க வைப்பது அதன் வேலை, அது பொய்யில்லை. ஆணின் விதையில் (விரை) டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களும், விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்களும் அதைச் சுரக்கின்றன, விந்துத் திரவத்திலும் உண்டு. ஆனால் 1998-ல் வந்த ஓர் ஆய்வில் சுண்டெலிகளின் விதையில் அதை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்தபோது அவை மலடாகிவிட்டன. ஊசி போட்டால் உங்களுக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. 'நம்ம உடம்பில் இருப்பதுதானே, கூடினால் நல்லதுதானே' என்ற பேச்சை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், மருந்தில்லாத ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். கிரீஸில் 2021-ல் வந்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் 2023-ல் அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகம் 61 பேரிடம் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுப் பார்த்தது, பி.ஆர்.பி. போட்டவர்களிலும் மருந்தில்லாத ஊசி போட்டவர்களிலும் பாதிக்குச் சற்று மேல் முன்னேற்றம், அதாவது வித்தியாசமே இல்லை. அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு மருத்துவம்) சங்கம் இதைப் பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்றுதான் சொல்கிறது.

அந்தப் பணத்தில் முதலில் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், காலை நேர டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பார்த்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆண்குறித் தமனியின் அகலம் 1, 2 மில்லிமீட்டர், இதயத் தமனி 3, 4 மில்லிமீட்டர். சின்ன வாய்க்கால்தானே முதலில் தூர்ந்துபோகும். நெஞ்சு வலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே விறைப்புக் குறைவு தலைகாட்டுவது அதனால்தான். சிகரெட்டை விடுங்கள். வாரம் நாலு நாள், தினம் 40 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில் நடங்கள், ஆறு மாதம் விடாமல்.

விறைப்புக்கு மாத்திரை வேண்டுமென்றால் யூராலஜிஸ்ட்டைப் பார்த்து வாங்குங்கள். இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை, நாக்கடியில் வைப்பது உட்பட, எடுப்பவர்கள் சில்டெனாஃபில் (வயாக்ரா) என்ற விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது. பிரஷர் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.